மாலை ஐந்து மணிக் கூலி

விடிந்ததும் வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாள் கூலி. மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் அதே கூலி. இயேசு சொன்ன கதைகளில் கேட்டவுடன் கோபம் வரவைப்பது இதுதான். ஞாயிறு பள்ளியில் சிறுவனாக இதைக் கேட்டபோது "இது என்ன நியாயம்?" என்று எழுந்து நின்று கேட்டேன். கடவுளின் இரக்கம் மனிதர் போடும் கணக்குக்குள் அடங்காது என்று பதில் வந்தது. அந்தப் பதில் தவறில்லை. ஆனால் என் கேள்வியை எனக்கு முன்பே இரண்டாயிரம் ஆண்டுகளாக ரபிகளும் ஆயர்களும் கவிஞர்களும் வணிகர்களும் கேட்டிருக்கிறார்கள் என்று அன்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் கைமாறிக் கைமாறி இந்தக் கதை எங்கெல்லாம் போனது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் மட்டுமே இது இருக்கிறது. மற்ற மூன்று நற்செய்தியாளர்களும் எழுதவில்லை. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியும்போதே சந்தைவெளிக்குப் போய் ஆள் கூப்பிடுகிறார். நாளுக்கு ஒரு தெனாரியம் என்று பேச்சு முடிகிறது. ஒன்பது மணிக்கும் உச்சிவேளையிலும் மூன்று மணிக்கும் மறுபடி போகிறார். அப்போது வந்தவர்களிடம் தொகை எதுவும் பேசவில்லை, நியாயமாகக் கொடுப்பதாக மட்டும் சொல்கிறார். ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் இன்னும் சிலர் நிற்கிறார்கள். பகலெல்லாம் ஏன் சும்மா நின்றீர்கள் என்று கேட்டால், எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் தோட்டத்துக்கு அனுப்புகிறார்.

கதையின் சூட்சுமம் கூலி கொடுக்கும் வரிசையில் இருக்கிறது. கடைசியாக வந்தவர்களுக்கு முதலில் கொடுங்கள் என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்கிறார் தோட்டக்காரர். விடியலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் காசை முடிந்துகொண்டு நிம்மதியாக வீடு போயிருப்பார்கள். பின்னால் நடப்பதை அவர்கள் பார்த்தே ஆகவேண்டும் என்று கதை நினைக்கிறது. ஐந்து மணிக்காரன் கையில் முழுத் தெனாரியத்தைக் கண்டதும் நமக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று அவர்கள் மனம் கணக்குப் போடுகிறது. அவர்கள் கைக்கும் அதே ஒரு காசுதான் வருகிறது. பேசிய கூலியில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் வயிறு எரிகிறது.

இந்தத் தோட்டக்காரர் சட்டத்தை மதிக்காத மனிதரும் இல்லை. கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது என்பது மோசே தந்த சட்டம். லேவியராகமம் அதைச் சொல்கிறது. உபாகமம் ஒரு படி மேலே போய், அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. பொழுது சாய்ந்ததும் காசு கொடுத்தவர் இந்தச் சட்டத்தின்படிதான் நடந்தார். ஒரு தெனாரியம் ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பிடுவதற்கான காசு. ஐந்து மணிக்கு வந்தவனுக்கு உழைத்த நேரத்தைப் பார்த்துப் பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்திருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும். வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

அந்தக் காசைப் பற்றியும் சொல்லவேண்டும். தெனாரியம் நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவான வெள்ளி. இயேசுவின் காலத்தில் திபேரியு பேரரசரின் தலை பதித்த தெனாரியங்கள் புழங்கின. அதே அச்சில் வந்த காசுகள் மிளகுக்கும் மணிக்கல்லுக்கும் விலையாகக் கப்பலேறி நம் கரைக்கு வந்தன. கோயம்புத்தூர், கரூர் வட்டாரத்து மண்ணைத் தோண்டியபோது பானை பானையாகக் கிடைத்தவை அகுஸ்துவும் திபேரியும் அச்சிட்ட வெள்ளிகள்தான். கலிலேயாவில் ஒரு கூலியாளின் மாலைநேரக் கையில் இருந்த அதே வகைக் காசை, அதே தலைமுறையில் கொங்கு நாட்டு வணிகர் ஒருவர் எண்ணிப் பார்த்திருப்பார். கதை வந்து சேர்வதற்கு முன்பே காசு வந்துவிட்டது.

அடுத்த சில நூற்றாண்டுகளில் இதன் ஒன்றுவிட்ட தம்பி போன்ற ஒரு கதை பாலஸ்தீனத்து யூதப் பள்ளிகளில் தென்படுகிறது. பூன் பார் ஹியா என்ற ரபி 28 வயதில் இறந்துபோனார். இரங்கலுரை சொல்ல எழுந்த ரபி செயிரா ஒரு கதை சொன்னதாக எருசலேம் தல்மூத் பதிந்திருக்கிறது. ஓர் அரசன் கூலிக்கு ஆட்களை அமர்த்தினான். அவர்களில் ஒருவன் வெகு திறமைசாலி. அரசன் அவனைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு உலாவப் போய்விட்டான். மாலையில் எல்லோருக்கும் கொடுத்த கூலியை அவனுக்கும் முழுசாகக் கொடுத்தான். நாங்கள் நாளெல்லாம் வேர்வை சிந்தினோம், இவனுக்கும் அதேயா என்று மற்றவர்கள் முறையிட்டார்கள். நீங்கள் நாள் முழுக்கச் செய்யாததை இவன் இரண்டே மணி நேரத்தில் செய்தான் என்றான் அரசன். பூன் நூறு வயது அறிஞர்கள் கற்காததை 28 ஆண்டுகளில் கற்றார் என்று முடித்தார் செயிரா.

இளம் மகனை இழந்த சபைக்கு இதைவிட ஆறுதலான கதை கிடையாது. நான் எத்தனை முறை படித்தாலும் மனம் இளகுகிறது. ஆனால் இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செயிராவின் அரசனிடம் ஒரு காரணம் இருக்கிறது, கூலி தகுதிக்குக் கிடைத்தது. மத்தேயுவின் தோட்டக்காரர் ஐந்து மணிக்காரனின் திறமையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவனிடம் இருந்த ஒரே தகுதி, யாரும் கூப்பிடாமல் கடைசிவரை நின்றுகொண்டிருந்தது.

கிறிஸ்தவ உரையாசிரியர்களுக்கும் இது சங்கடமான இடமாகவே இருந்தது. 180ஆம் ஆண்டுவாக்கில் லியோன் நகரத்து ஆயர் இரேனேயு அந்த ஐந்து அழைப்புகளை உலக வரலாற்றின் காலங்களாகப் பார்த்தார். ஆதாமில் தொடங்கி ஒவ்வொரு யுகத்திலும் கடவுள் ஆள் கூப்பிடுகிறார். அலெக்சாந்திரியாவின் ஒரிகன் அவற்றை மனித வயதின் கட்டங்களாகவும் படித்தார். சிறு வயதில் விசுவாசத்துக்கு வருகிறவர் உண்டு, நரைத்த பிறகு வருகிறவரும் உண்டு. பின்னால் வந்த அகுஸ்தீன் அந்தக் காசே நித்திய வாழ்வு என்றார். இதனால் ஒரு பெரிய சிக்கல் தீர்ந்தது. நித்தியத்தை இரண்டாக வெட்டமுடியாது, ஆகவே ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்று அதைப் பங்கிடவும் முடியாது. கூலியைப் பற்றிய சண்டை அத்தோடு ஓய்ந்தது. சந்தைவெளியில் நின்ற ஆட்களின் பசியும் அத்தோடு மறந்துபோனது.

கதையைக் கேட்டுவிட்டுத் தந்திரம் பண்ணியவர்களும் இருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு வந்தால் போதும் என்றால் காலை ஆறு மணிக்கே ஏன் எழவேண்டும்? நான்காம் நூற்றாண்டில் ஞானஸ்நானத்தைச் சாகும் தறுவாய்வரை தள்ளிப்போடுவது பெரிய வழக்கமாகிவிட்டது. அதுவரை செய்த பாவமெல்லாம் ஒரே முழுக்கில் கழுவப்படும் என்ற எண்ணம். கிறிஸ்தவத்துக்குச் சட்டபூர்வமான இடம் கொடுத்த கான்ஸ்டன்டைன் பேரரசரே 337இல் நிக்கோமேதியாவுக்கு அருகே மரணப் படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். இப்படித் தள்ளிப்போடுகிறவர்களைக் கடிந்துகொண்ட பிரசங்கியார்களில் ஒருவர், கான்ஸ்டான்டிநோப்பிளின் பேராயரும் பொன்வாய் என்று பெயர் பெற்றவருமான யோவான் கிறிசோஸ்தோம்.

அதே கிறிசோஸ்தோமின் பெயரில்தான் இந்தக் கதையின் மிகப் புகழ்பெற்ற மறுபிறவியும் வழங்குகிறது. கிழக்குத் திருச்சபைகளில் ஈஸ்டர் இரவு வழிபாட்டில் ஒரு சிறு பிரசங்கம் வாசிக்கப்படும். அப்போது யாரும் உட்காருவதில்லை. முதல் மணியிலிருந்து உழைத்தவர்கள் வாருங்கள், மூன்றாம் மணிக்கு வந்தவர்கள் வாருங்கள் என்று வரிசையாகக் கூப்பிட்டு, விடியலிலிருந்து எண்ணிப் பதினோராம் மணிக்கு, அதாவது மாலை ஐந்துக்கு, வந்தவரே, நேரமாகிவிட்டதென்று அஞ்சாதீர் என்கிற பொருளில் அது போகும். நாற்பது நாள் நோன்பிருந்தவருக்கும் இருக்காதவருக்கும் ஒரே பந்தி. சோம்பேறிகளைத் திட்டிய அதே பெயர் தாமதமாக வந்தவர்களுக்கு இலை போடுகிறது. நோன்பு முழுக்கக் காத்தவர்கள் பசியோடு நின்றுகொண்டு இதைக் கேட்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், தோட்டக்காரர் ஏன் அந்த வரிசையில் கூலி கொடுத்தார் என்பது இன்னும் நன்றாகப் புரியும்.

மேற்கே வேறு விதமாகப் போனது. 590இல் ரோமின் போப்பான பெரிய கிரகோரி இந்தக் கதையை வைத்துப் பிரசங்கித்தார். செப்துவாஜெசிமா என்கிற, தவக்காலத்துக்கு முந்திய ஒரு ஞாயிறன்று இதை வாசிப்பது ரோமை வழிபாட்டு முறையில் நிலைத்தது. 1969 வழிபாட்டுச் சீர்திருத்தம்வரை ஆண்டுதோறும் அதே ஞாயிறு, அதே கதை. ஒரு கதை ஒரு நாட்காட்டியில் இடம்பிடித்துவிட்டால் அதற்கு ஆயுள் கெட்டி. லூத்தரன் சபைகளும் அந்த ஞாயிற்றை விடவில்லை. 1724 பிப்ரவரி 6ஆம் தேதி லைப்ஸிக்கில் பாக் அரங்கேற்றிய கான்டாட்டா என்ற இசைப்படைப்பு, முணுமுணுத்தவனிடம் உன் பங்கை எடுத்துக்கொண்டு போ என்று தோட்டக்காரர் சொல்லும் அந்த வாக்கியத்திலேயே கோரஸாகத் தொடங்குவது இதனால்தான். கிரகோரி காலத்து ரோமில் ஆரம்பித்த ஒரு வாசக அட்டவணை பதினொரு நூற்றாண்டு கழித்து ஒரு ஜெர்மன் இசைக்கலைஞரின் அந்த வாரத்து வேலையைத் தீர்மானித்தது.

இடையில் இங்கிலாந்தில் நடந்தது ஒன்று. இந்தக் கதையின் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த நிறுத்தம் அது. 14ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பெயர் தெரியாத ஒரு கவிஞர் 'முத்து' என்று இன்று அழைக்கப்படும் நெடும்பாட்டை எழுதினார். இரண்டு வயது நிறையாத மகளைப் புதைத்த இடத்தில் தகப்பன் அழுது கிடந்து உறங்கிப்போகிறான். கனவில் ஓர் ஆறு, அக்கரையில் மகள். வளர்ந்த பெண்ணாக, மணிமுடி தரித்த அரசியாக நிற்கிறாள். தகப்பனுக்கு மகிழ்ச்சி பொங்கவேண்டும். பொங்கவில்லை, வழக்காடுகிறான்! நீ ஒரு ஜெபம் சொல்லக்கூடக் கற்கவில்லை, முதல் நாளே உனக்கு அரசிப் பட்டமா, ஆயுளெல்லாம் துன்பம் பொறுத்தவர்களுக்கு அப்புறம் என்னதான் கிடைக்கும் என்கிறான். மகள் பொறுமையாகத் திராட்சைத் தோட்டக் கதையைச் சொல்கிறாள். நான் மாலையில் வந்தவள் அப்பா, எனக்கு முதலில் கூலி கொடுத்துவிட்டார் என்கிறாள்.

பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் பிள்ளையின் மோட்சத்துக்கே நியாயம் கேட்கிறான். நியாய உணர்வு மனிதனுக்குள் எவ்வளவு ஆழத்தில் வேர்விட்டிருக்கிறது என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய இன்னொரு பாட்டை நான் படித்ததில்லை. அந்தத் தகப்பனை என்னால் குறைசொல்லவும் முடியவில்லை. கணக்குச் சரியில்லை என்று புலம்புவதும் துக்கத்தின் ஒரு முகம்தானே.

இந்தப் பாட்டு நம் கைக்கு வந்ததே ஒரு தற்செயல். உலகத்தில் இதற்கு ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் இருக்கிறது. ராபர்ட் காட்டன் என்பவருடைய நூலகத்தில் அலமாரிகளுக்கு மேல் ரோமப் பேரரசர்களின் மார்புச் சிலைகள் இருந்தன. அந்தச் சிலைகளின் பெயரிலேயே நூல்களுக்கு எண் இட்டார்கள். கிறிஸ்தவர்களை வதைத்த நீரோவின் சிலைக்குக் கீழே இந்த இரக்கத்தின் பாட்டு இருந்தது, இன்றும் அதன் அடையாள எண்ணில் நீரோ பெயர் உண்டு. 1731இல் அந்த நூலகம் இருந்த கட்டடம் தீப்பிடித்தது. பேவுல்ஃப் காவியத்தின் ஒரே ஏடு ஓரம் கருகியது. முத்து தப்பியது. ரிச்சர்ட் மாரிஸ் அதை முதன்முதலாக அச்சிட்டது 1864இல்தான்.

ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தபோது கதை வணிகக் கோலம் பூண்டது. ரெம்பிராண்ட் 1637இல் வரைந்த படம் இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திராட்சைக் கொடி எதுவும் கண்ணில் படாது. ஒரு பழைய வணிகர் அலுவலகம், இடப்பக்கம் ஜன்னல் வெளிச்சம், மேசையருகே முதலாளி, அவர் முன்னால் வாதாடும் வேலையாட்கள், இருட்டில் பீப்பாய் உருட்டும் ஆட்கள். உலகத்தின் கடல் வணிகத் தலைநகராக இருந்த ஊரில் வாழ்ந்தவருக்குக் கூலிச் சண்டை நடக்கும் இடம் கணக்கறையாகத்தான் தோன்றியிருக்கும்.

காசும் ஊருக்கு ஊர் சட்டை மாற்றியது. லூத்தர் அதைக் குரோஷன் என்றார், 1611 ஆங்கில வேதாகமம் பென்னி என்றது. தெனாரியம் என்ற பெயரோ அரபியில் தினாராகவும் ஸ்பானிய மொழியில் பணத்துக்கே பொதுப்பெயராகவும் ஆனது. பிரிட்டிஷ்காரர்கள் 1971வரை பென்னியை 'டி' என்ற எழுத்தால் குறித்தது தெனாரியத்தின் முதலெழுத்தால்தான். தமிழில் 1714இல் தரங்கம்பாடி அச்சகத்தில் மிஷனரி சீகன்பால்க் நற்செய்திகளை அச்சேற்றினார். இன்றும் புராட்டஸ்டண்டு சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அந்தக் காசின் பெயர் பணம். இன்றைய வாசகர் பொதுவாகப் பணம் என்று நினைத்துக்கொண்டு கடந்துவிடுவார். பணம் என்பது அன்று ஒரு நாணயம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஒரு தஞ்சாவூர்க் கூலியாள் இந்தக் கதையைக் கேட்டபோது, கையில் வைத்து எடை பார்க்கக்கூடிய ஒரு சிறு காசு அவர் மனதில் வந்திருக்கும். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் மறுபடி தெனாரியத்துக்கே போய்விட்டது. துல்லியம்தான், ஆனால் அந்தப் பழைய பணத்தை நான் இழக்க விரும்பமாட்டேன்.

இனி 1860. லண்டனில் கார்ன்ஹில் என்ற மாத இதழ் புதிதாக ஆரம்பித்திருந்தது. அதன் ஆசிரியர் கல்கத்தாவில் பிறந்த நாவலாசிரியர் தாக்கரே. ஓவியத்தையும் கட்டடக்கலையையும் பற்றி எழுதிப் பேர்வாங்கிய ஜான் ரஸ்கின் ஆகஸ்டு முதல் நவம்பர்வரை அதில் நான்கு கட்டுரைகள் எழுதினார். பொருள் பொருளாதாரம், தலைப்பு திராட்சைத் தோட்டக் கதையிலிருந்து எடுத்த மூன்று சொற்கள்: 'அன்டூ திஸ் லாஸ்ட்'. கடைசியாக வந்த இவனுக்கும் என்று பொருள். வாசகர்கள் கொதித்தார்கள். தாக்கரே தொடரை நிறுத்தினார். 1862இல் அது புத்தகமானபோதும் மெதுவாகத்தான் விற்றது.

ரஸ்கினின் செல்வம் எங்கிருந்து வந்தது தெரியுமா? திராட்சைத் தோட்டத்திலிருந்து! அவர் தகப்பனார் ஷெர்ரி மது வியாபாரி. கூட்டாளி தொமெக்கின் தோட்டங்கள் ஸ்பெயினின் ஹெரேஸ் பகுதியில் இருந்தன. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளையே தோட்டக் கதையைத் திருப்பி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். அகுஸ்தீன் மேலே ஏற்றிவைத்த காசை ரஸ்கின் மறுபடி சந்தைவெளிக்கு இறக்கினார். மருத்துவருக்கும் போதகருக்கும் ஆள் அதிகமாகக் கிடைக்கிறதென்று கட்டணத்தைக் குறைப்பதில்லையே, கொத்தனாருக்கு மட்டும் ஏன் அப்படி என்று கேட்டார். கூலி நிலையாக இருக்கட்டும், பட்டினியைக் காட்டி ஒருவனை அரைக் கூலிக்கு இழுத்து இன்னொருவனின் கூலியையும் உடைக்காதீர்கள் என்றார். எல்லோரும் ஒரே திறமை என்று அவர் சொல்லவில்லை. பசியைப் பேரம்பேசும் கருவியாக்காதே என்பதே அவர் வாதம். பொருளாதார அறிஞர்கள் இதை உளறல் என்றார்கள். 1891இல் போப் 13ஆம் லியோ தம் சுற்றுமடலில், இருவர் சம்மதித்துப் பேசிய கூலி என்பதாலேயே அது நியாயமாகிவிடாது, சிக்கனமான உழைப்பாளி வாழ அது போதவேண்டும் என்று எழுதியபோது ரஸ்கினின் உளறல் அத்தனை தனிமையில் இல்லை.

அந்தக் கட்டுரைத் தொடர் முடிந்த அதே 1860 நவம்பரில், 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில் நின்றது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் இந்தியர்கள் அதில் இருந்தார்கள். தமிழரும் தெலுங்கரும் மிகுதி. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங். தமிழ் வேதாகமத்தில் அந்தத் தோட்டக்காரர் கொடுத்தது கூலி. நேட்டாலில் அந்தச் சொல் ஆளின் பெயராகிவிட்டது. அங்கிருந்த வெள்ளையர்களுக்கு இந்தியர் எல்லோருமே கூலிகள், வழக்கறிஞராக வந்தவரும் கூலி வழக்கறிஞர். ஆங்கிலத்தின் அந்தச் சொல்லுக்கு மூலம் நம் கூலிதான் என்று பலர் கருதுகிறார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கியவர்கள்மேல் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி போட 1895இல் சட்டம் வந்தது. முதல் வருடக் கூலியில் ஆறு மாதச் சம்பளம்.

1904இல் ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்தில் ஹென்றி போலக் என்ற இளம் பத்திரிகையாளர் அந்தக் கூலி வழக்கறிஞரான காந்தியின் கையில் ரஸ்கினின் புத்தகத்தைக் கொடுத்தார். இருவரும் ஒரு சைவ உணவகத்தில் பழக்கமானவர்கள். டர்பனுக்கு 24 மணி நேரப் பயணம். காந்தி நடத்திவந்த 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் கடனில் தத்தளித்தது, அந்தக் கணக்கைப் பார்க்கத்தான் போனார். வழியில் கணக்கு மறந்துபோனது. புத்தகத்தைக் கீழே வைக்கமுடியவில்லை, அன்றிரவு தூக்கமும் வரவில்லை.

டர்பனிலிருந்து 14 மைலில் பீனிக்ஸ் என்ற இடத்தில் நிலம் வாங்கினார், மொத்தம் 100 ஏக்கர், ஆயிரம் பவுண்டு. அச்சகம் அங்கே பெயர்ந்தது. வெள்ளையரோ இந்தியரோ, எழுதுகிறவரோ எழுத்துக் கோக்கிறவரோ, எல்லோருக்கும் மாதம் 3 பவுண்டு என்பது திட்டம். அரசாங்கம் வரியாகப் பிடுங்கிய அதே தொகை இங்கே மாதாமாதம் ஒவ்வொருவர் கையிலும். அச்சகத்தை நடத்திய மதன்ஜித்துக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. தயங்கியவர்கள் பழைய சம்பளத்திலேயே இருக்கலாம் என்று காந்தி விட்டுக்கொடுத்தார். ஆனால் இயந்திரம் ஓட்டிய கோவிந்தசாமி சரி என்று வந்துவிட்டார். தமிழும் அந்த இதழின் ஆரம்பகால நான்கு மொழிகளில் ஒன்று.

பீனிக்ஸில் முதல் இதழ் அச்சேறவேண்டிய இரவு எண்ணெய் இயந்திரம் ஓடாமல் நின்றது. கைச்சக்கரம் சுற்ற ஆள் போதவில்லை. கட்டட வேலைக்கு வந்த தச்சர்கள் அங்கேயே தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காந்தி அவர்களை எழுப்பிக் கேட்டார். அவர்கள் மறுப்பில்லாமல் எழுந்து முறைவைத்துச் சுற்றினார்கள். அச்சகத்தில் உடன் உழைத்த வெஸ்ட் பாட்டுப் பாடினார், காலையில் இதழ் வெளிவந்தது. ஐந்து மணிக்கும் பிந்தி, நள்ளிரவில் அழைக்கப்பட்ட ஆட்கள் அவர்கள்.

1908இல் காந்தி ரஸ்கினின் நூலைக் குஜராத்தியில் சுருக்கித் தொடராக எழுதினார். தலைப்பை அப்படியே பெயர்க்கவில்லை, ஆங்கில வேதாகமம் படிக்காதவர்களுக்கு அது புரியாது என்று நினைத்தார். சர்வோதயம் என்று பெயர் வைத்தார். அந்தச் சொல்லும் புதியதல்ல, தென்னாட்டுச் சமண ஆசாரியர் சமந்தபத்திரர் தம் சமஸ்கிருத நூலில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆண்டது. கலிலேயாவில் பிறந்த கதை சமணச் சொல்லை உடுத்திக்கொண்டு இந்தியா வந்தது. பின்னால் தமிழில் ரஸ்கினின் நூல் 'கடையனுக்கும் கதிமோட்சம்' என்றானபோது காசு திரும்பவும் வானத்துக்குப் போனதை அகுஸ்தீன் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பம்பாய் அரசாங்கம் 1910இல் காந்தியின் சர்வோதயம் நூலைத் தடைசெய்தது. 1919 ஏப்ரல் 6, ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் கடையடைப்பு நடந்த நாளின் மாலையில், காந்தி அதைப் பம்பாய்த் தெருவில் தம் கையால் விற்றார். விலை நாலணா. நாலணா கொடுத்தவர்கள் அரிது. ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் நீண்டன, ஒருவர் ஒரே பிரதிக்கு 50 ரூபாய் கொடுத்தார். எல்லோருக்கும் ஒரே புத்தகம், கொடுத்த விலையோ ஆளுக்கு ஒன்று, யாரும் முணுமுணுக்கவில்லை.

சர்வோதயம் அதன்பின் வினோபாவின் பூதான இயக்கமாக, நிலக்கொடை கேட்டு நடந்தது, 1958இல் அரியரத்ன வழியாக இலங்கைக்குப் போய்ச் சிரமதானமானது. தமிழ்நாட்டில் அதைத் தோளில் சுமந்தவர்கள் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியர். 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்ட தகராறின் முடிவில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அந்த மண்ணுக்குப் போய்த் தங்கினார்கள். 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலக்காரர்களோடு பேசி, வங்கிக் கடன் பெற்று நிலம் வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு ஆளுக்கு ஓர் ஏக்கராகப் பெண்கள் பெயரில் எழுதிவைத்தார்கள். நாற்பது வருடம் நாற்று நட்ட பாட்டிக்கும் ஓர் ஏக்கர், நேற்றுக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கும் ஓர் ஏக்கர். எத்தனை மணி வெயிலில் நின்றாய் என்று கேட்கும் கட்டம் எதுவும் அந்தப் பத்திரங்களில் இல்லை.